எட்டு பவுண்டுத் துப்பாக்கி

அக்டோபர் இரண்டாம் சனிக்கிழமை டார்சல் ஷ்ரீவின் பட்டறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். பட்டறைக்காரரான டார்சல், சுரங்கத்தின் இயந்திரப் பட்டறையில் முப்பத்தொரு வருடம் லேத் ஓட்டியவர். என் தம்பி டென்சில் டீட்டர். அவன் மனைவி ஒலீட்டா. ஹோபர்ட் டீட்டர் ஆகிய நான். ஐந்தாவது ஆள் வேட் கெய்னர். அவனை யாரும் கூப்பிடவில்லை. புல்வெட்டும் இயந்திரத்தின் பிளேடைத் தீட்ட வந்தவன், தீட்டி முடிந்த பிறகும் போகவில்லை. வேறு ஒருவரும் அங்கே இல்லை. இருந்ததாகச் சொல்லிக்கொள்பவர்கள் எங்கள் ஊரான மில்சீட் ரன்னில் இன்று ஒரு டஜன் பேராவது தேறுவார்கள்.

வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. கூரைத் தகடு சத்தம் போட்டதால் எல்லாரும் கொஞ்சம் உரக்கப் பேச வேண்டியிருந்தது. டென்சிலால் உரக்கப் பேச முடியாது. அவன் வாயைத் திறந்தால் நாங்கள் பேச்சை நிறுத்திக்கொள்வோம்.

அவனுடைய ரைஃபிள் பட்டறை மேசையில் பழைய துண்டு ஒன்றின்மேல் கிடந்தது. தடித்த குழல், இருபத்தாறு அங்குல நீளம். இருபத்தேழு வருடத்துக்கு முன் அவனும் டார்சலும் வேலை முடிந்து வந்து சுரங்கப் பட்டறையிலேயே பூட்டிய குழல் அது. தீயணைப்பு நிலையத்தில் வான்கோழிப் பரிசுக்குக் குறி சுடும் போட்டி நடக்கும். அந்தக் குழல் வந்த பிறகு அதில் டென்சில் கலந்துகொண்டால் மற்றவர்கள் இரண்டாம் பரிசுக்குத்தான் சுட்டார்கள். இதை எங்கள் குடும்பம் மட்டும் சொல்வதில்லை.

டார்சல் அதை மீன் நிறுக்கும் கொக்கித் தராசில் மாட்டித் தூக்கினார்.

"பதினொண்ணு. ஒரு மயிரிழை கூடவே இருக்கும்."

"எட்டு வேணும்" என்றான் டென்சில்.

"எட்டா? ஏழரைன்னு சொல்லேன், பத்துன்னு சொல்லேன். அதென்ன எட்டு? உன் கனவுல வந்துச்சா?"

பேச வாயெடுத்த டென்சில் மூச்சுக்காக நிறுத்தினான். ஒலீட்டா பதில் சொன்னாள்.

"என் சமையல்கட்டுலேர்ந்து வந்துச்சு. கோணிப்பைல பத்து பவுண்டு மாவையும் ஒரு பவுண்டு உப்பையும் போட்டுத் தோள்ல மாட்டிக்கிட்டு மேட்டுல ஊத்துத் தண்ணிக்குப் போட்ட கொட்டகை வரைக்கும் ஏறப் பாத்தாரு. பாதியில உக்காந்துட்டாரு. மறுநாள் ஒம்பது பவுண்டு. வேலிக்கிட்ட உக்காந்துட்டாரு. அப்புறம் அஞ்சு பவுண்டு சர்க்கரை, மூணு பவுண்டு பின்டோ பீன்ஸ். அதைத் தூக்கிக்கிட்டு மேல போயிட்டு வந்தாரு. மூணு நாள் போனாரு. அந்தச் சர்க்கரை கட்டி தட்டிப் போச்சு. எனக்குப் புதுசு வாங்கித் தரணும்."

"அப்ப எட்டு" என்றார் டார்சல். துண்டால் குழலை ஒருமுறை துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

நான் அதுவரை பேசவில்லை. எங்கள் வீட்டில் மூத்தவன் கடைசியில் பேசுவது வழக்கம்.

"எங்க அப்பாவோட கை விழுந்தப்ப அவர் துப்பாக்கியை ஆணியில மாட்டினார். யாரையும் சுமக்கச் சொல்லல. எதையும் அறுக்கச் சொல்லல. மான் வேட்டை தொடங்கற முதல் நாள் எல்லாரும் மலைக்குப் போனா அவர் வீட்டுல பீன்ஸ் வேக வெச்சார். தன் துப்பாக்கியைத் தன்னால தூக்க முடியலைன்னா மலைக்குப் போகக் கூடாது. அது இந்தக் குடும்பத்து வழக்கம்."

"அதுக்குத்தானேண்ணே தூக்கற மாதிரி பண்ணச் சொல்றேன்" என்றான் டென்சில்.

"அறுத்த துப்பாக்கியா?"

"அப்பாவுக்கு அப்ப எழுபத்தாறு. எனக்கு ஐம்பத்தெட்டு."

பீப்பாய்மேல் உட்கார்ந்திருந்த வேட் கெய்னர் சிரித்தான்.

"அறுத்தா ஒண்ணு சௌகரியம் டென்சில். டிரக் ஜன்னல்ல இடிக்காம நல்லாத் திரும்பும்."

டார்சல் துண்டைக் கீழே வைத்தார். எங்கள் பக்கத்தில் சாலையில் வண்டியை நிறுத்தி, ஜன்னல் வழியாக விளக்கடித்து மான் சுடும் ஆட்கள் உண்டு. அவர்கள்தான் குழலைக் குட்டையாக அறுத்து வைத்திருப்பார்கள். அது திருட்டு. டீட்டர் குடும்பத்தில் யாரும் அதைச் செய்ததில்லை.

"வேட், உன் பிளேடு தீட்டியாச்சு" என்றேன்.

"மழை விடட்டும்ணே."

"உன் வண்டிக்குக் கூரை இருக்கு."

அவன் எழுந்திருக்கவில்லை. வேட் கெட்டவன் இல்லை. எந்த இடத்திலிருந்தும் எழுந்து போகத் தெரியாதவன். போன இடத்தில் கேட்டதை அடுத்த இடத்தில் கொஞ்சம் கூட்டிச் சொல்வான். அவ்வளவுதான்.

டார்சல், என் தம்பியின் மூக்குக்குப் போன குழாயைக் காட்டினார். ஒலீட்டா தைத்த ஒரு பையில் ஆக்சிஜன் பாட்டில் அவன் இடுப்பில் தொங்கிக்கொண்டிருந்தது.

"வேலை பண்றதா இருந்தா ஒண்ணு. அதோட நீ உள்ள வரக் கூடாது. இங்க கிரைண்டர் பொறி பறக்குது. வெடிச்சா உன்னையும் என்னையும் சேத்து வெப்ஸ்டர் ஸ்பிரிங்ஸ் ஊர்லதான் போய்ப் பொறுக்கணும்."

"நீயே பண்ணிடேன் டார்சல்" என்றாள் ஒலீட்டா.

"நான்தான் பண்ணுவேன்" என்றான் டென்சில். "என் கைக்குத் தெரியணும். எவ்வளவு எடுத்தோம், எங்க எடுத்தோம்னு."

அப்படியே முடிவாயிற்று. நான் சம்மதிக்கவில்லை. என் சம்மதத்தை யாரும் கேட்கவுமில்லை. துப்பாக்கி அவனுடையது.

மூன்று சனிக்கிழமை வேலை நடந்தது. நான் மூன்று நாளும் போனேன். பிடிக்காத காரியமானாலும் நம் வீட்டு ஆள் செய்கிறபோது பக்கத்தில் இருக்க வேண்டும்.

டென்சில் பாட்டிலைத் தன் டிரக்கில் வைத்துவிட்டு உள்ளே வருவான். இருபது நிமிடம் லேத்தின் முன் ஸ்டூலில் உட்காருவான். பிறகு எழுந்து டிரக்குக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு குழாயை மூக்கில் வைத்துப் பதினைந்து நிமிடம் இருப்பான். மறுபடி வருவான். நடக்கிற வேகம் ஒரேபோல இருக்கும். இருபத்தொன்பது வருடம் நிலத்தடியில் பாறை துளைக்கும் இயந்திரத்தோடு நின்று தூசி குடித்தவன். மாதத்துக்கு இரண்டு முறை கிளார்க்ஸ்பர்க் மருத்துவமனையில் அவன் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்துத் இல்லையென்று தலையை ஆட்டினார்கள். அவன் மட்டும் அந்தப் படத்தைப் பார்த்ததில்லை.

முதலில் நுனியிலிருந்து ஆறு அங்குலத்தை வெட்டினார்கள். டார்சல் ரம்பத்தை ஓட்டினார். துண்டு கீழே வைத்திருந்த மணல் வாளியில் விழுந்தது. அதை எடுத்து டென்சில் கையில் வைத்துப் பார்த்தான்.

"இதுவே ஒரு பவுண்டு இருக்கும் போலயே."

"உன் மூச்சுக்கு அது பத்து பவுண்டு" என்றார் டார்சல். "இனிமே இது சத்தம் ஜாஸ்தியாப் போடும், சொல்லிட்டேன். பக்கத்துல நிக்கறவன் காது போயிரும்."

"பக்கத்துல அண்ணன்தான் நிப்பாரு. அவருக்கு ஏற்கெனவே நாம சொல்றது கேக்கறதில்லை."

டார்சல் சிரித்தார். நான் மணல் வாளியை நகர்த்தி வைத்தேன்.

வெட்டிய வாயைச் சமமாக்கி விளிம்பை உள்பக்கமாக நயமாகச் சீவ வேண்டும். குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் இடம் அது. ஒரு பக்கம் பிசிர் இருந்தால் குண்டு அந்தப் பக்கம் தள்ளப்பட்டுப் போகும். டென்சில் ஒரு பஞ்சுக் குச்சியை விளிம்பில் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். பஞ்சு ஒரு இடத்திலும் மாட்டவில்லை என்ற பிறகுதான் தலையாட்டினான்.

அதன்பிறகு குழலை இரண்டு முனையிலும் பிடித்து லேத்தில் சுழலவிட்டு, வெளிப்பக்கத்தை இழைத்தார்கள். ஒருமுறைக்குத் தலைமுடி கனம். உளி போன பின்னால் நீலச் சுருளாக இரும்புச் சீவல் வழிந்து தட்டில் விழும். ஒரு ஓட்டம் முடிந்ததும் நிறுத்தி விடுவார்கள். கையால் தொட்டால் சுடாத அளவுக்கு ஆறும்வரை அடுத்த ஓட்டம் கிடையாது. அவசரப்பட்டால் சூட்டில் இரும்பு வளையும். வெளியே தெரியாது, உள்ளே துளை கோணிப்போகும். அதனால் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இடையில் டார்சல் குழலைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பார்ப்பார். பிறகு டென்சிலிடம் கொடுப்பார். அவன் பார்த்து என்னிடம் நீட்டுவான். நானும் பார்ப்பேன். துளை நேராக இருந்தது. மூன்று சனிக்கிழமையும் நேராகவே இருந்தது. அதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆறுகிற நேரம் பேச்சு ஓடும்.

"இரும்பு ஆறுற நேரமும் உன் மூச்சு வர்ற நேரமும் ஒண்ணா இருக்கு டென்சில். உன்னை வெச்சே இந்த வேலைக்கு நேரம் குறிச்சுக்கலாம்" என்பார் டார்சல்.

"மணிக்கு எவ்வளவு தருவே?"

"பீன்ஸ் தரேன்."

"உன் வீட்டு பீன்ஸா? வேணாம். செத்தே போறேன்."

இரண்டாம் சனிக்கிழமை மதியம் ஒலீட்டா எல்லாருக்குமாகச் சோள ரொட்டியும் பீன்ஸும் வறுத்த ஆப்பிளும் கொண்டு வந்தாள். தம்பி டிரக்கில் இருந்தான். அவள் என்னைப் பட்டறைக்குப் பின்னால் விறகு அடுக்கியிருந்த இடத்துக்குக் கூப்பிட்டாள். நாற்பது வருடமாக என்னை அவள் 'பெரியவரே' என்றுதான் கூப்பிடுகிறாள். மரியாதையும் அதில் இருக்கிறது, நையாண்டியும் இருக்கிறது.

"பெரியவரே, முதல் நாள் உங்க துப்பாக்கியை வீட்டுல வெச்சுட்டு வாங்க."

"ஏன்?"

"நீங்க அவரோட போகணும். பாட்டிலை நீங்க தூக்கணும். ரெண்டு பேரு கைலயும் துப்பாக்கி இருந்தா ரெண்டு பேருமே மானைப் பாப்பீங்க. ஒருத்தராவது அவரைப் பாக்கணும்."

"டாக்டர் என்ன சொன்னார்?"

"டாக்டர்கிட்ட கேக்கலை. கேட்டா பதில் சொல்லிடுவாரே."

"நீயே போக வேண்டாம்னு சொல்லலாமே ஒலீட்டா. நீ சொன்னா நிப்பான்."

அவள் கையிலிருந்த கரண்டியை மேலாடையில் துடைத்தாள்.

"போன நவம்பர்ல முதல் நாள் அவரு சமையல்கட்டு ஜன்னல்கிட்ட நின்னாரு. மலைக்குப் போற வண்டியெல்லாம் எண்ணினாரு. இருபத்தேழுன்னாரு. சாப்பிடறப்ப மறுபடி இருபத்தேழுன்னாரு. சாயங்காலம் வண்டியெல்லாம் திரும்பி வந்துச்சு, இருபத்தாறுதான் வந்துச்சு, ஒருத்தன் எங்க போனான்னு ஒரு வாரம் அதையே கேட்டுட்டு இருந்தாரு. நான் இன்னொரு நவம்பர் அந்த ஜன்னலைப் பாக்க மாட்டேன். தூக்கிட்டுப் போகட்டும். தானே தூக்கிட்டுப் போயி தானே தூக்கிட்டு வரட்டும். அது ஒண்ணுதான் அவரு கேக்கறது. மான் கூட கேக்கலை."

"சரி" என்றேன்.

"என்ன சரி?"

"பாட்டிலை நான் தூக்கறேன்."

என் பதினாறாம் வயதிலிருந்து முதல் நாளில் துப்பாக்கி இல்லாமல் நான் மலையேறியதில்லை. அதை அவளிடம் சொல்லவில்லை.

மூன்றாம் சனிக்கிழமை மாலை குழலுக்குக் கறுப்பு ஏற்றி, மறுபடி பூட்டி, தராசில் மாட்டினார்கள். எட்டுக்கு ஓர் அவுன்சு குறைவு. மறுநாள் ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் டார்சலின் மேய்ச்சல் நிலத்தில் சுட்டுப் பார்த்தோம். எங்கள் ஊரில் எல்லாரும் செய்வதுபோல மேசை போட்டு, மேசைமேல் மணல் மூட்டை வைத்து, மூட்டைமேல் துப்பாக்கியை ஊன்றி டென்சில் சுட்டான். நூறு கெஜம். முதலில் சிதறியதைத் திருத்திக்கொண்டு, பிறகு மூன்று குண்டு. டார்சல் போய்க் காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடி வந்தார். அவருக்கு எழுபத்திரண்டு வயது.

"ஒரு காசுக்குள்ள மூணும்! ஒரே காசு! வேட், இங்க பாருடா. டிரக் ஜன்னல்ங்கறே!"

வேட் பார்த்தான். காகிதத்தைத் தலைகீழாகத் திருப்பியும் பார்த்தான்.

"இன்னிக்குக் காத்து இல்லை, அதான்" என்றான்.

தம்பி சிரித்தான். சிரித்து இருமினான். இருமல் நிற்க நேரமாயிற்று. நான் காகிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். நல்ல வேலை. அறுத்த துப்பாக்கி என்று அதை நான் பிறகு சொல்லவில்லை.

ஆனால் அங்கே நின்ற யாருக்கும், எனக்கும், இருபத்தேழு வருடம் பரிசு வாங்கிய டென்சிலுக்கும் தோன்றாத ஒன்று இருந்தது. அவனை எழுந்து நிற்கச் சொல்லி, ஒரு மேடு ஏறி வரச் சொல்லி, மூட்டை இல்லாமல் கையில் பிடித்துச் சுடச் சொல்லவில்லை. மணல் மூட்டைக்கு மூச்சு வாங்காது. எங்கள் ஊரில் மூட்டைமேல் ஒன்றாக விழுந்தால் துப்பாக்கி தயார் என்று அர்த்தம். தாத்தா காலத்திலிருந்து அப்படித்தான்.

நன்றி அறிவிப்புப் பண்டிகை வாரத்துத் திங்கட்கிழமைதான் வேட்டையின் முதல் நாள்; அன்று எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடமே கிடையாது. விடிவதற்கு முன்னே வண்டிகள் எல்லாம் போய்விட்டன. நாங்கள் வெளிச்சம் வந்தபின் எட்டு மணிக்குக் கிளம்பினோம். தரையில் உறைபனி. வானம் சாம்பல். ஒலீட்டா பன் போன்ற பிஸ்கட்டில் மான் இறைச்சி சாசேஜ் வைத்துச் சுற்றிக் கொடுத்தாள். என் ஆரஞ்சு மேலங்கியின் பொத்தானைத் தானே போட்டாள். அவனுடையதைப் போடவில்லை, அவனே போட்டுக்கொண்டான்.

"நாலு மணிக்குள்ள வரலைன்னா நான் தீயணைப்புக்காரங்களுக்குப் போன் பண்ணுவேன்."

"அவங்க எல்லாரும் மலை மேலதான் இருப்பாங்க" என்றான் டென்சில். "நேரா வந்து எடுத்துக்கலாம்."

எங்கள் மேய்ச்சல் நிலத்தின் முடிவில் கெய்னர் வீட்டு முள்வேலி. வேலி தாண்டுவதற்கு எங்களில் ஒரு முறை உண்டு. குண்டை வெளியே எடுத்து, துப்பாக்கியைப் பக்கத்தில் இருப்பவன் கையில் கொடுத்துவிட்டுத் தாண்டுவோம். தாண்டியபின் வாங்கிக்கொள்வோம். கையில் துப்பாக்கியோடு முள்வேலி தாண்டியவர்கள் பெயர் இங்கே சில கல்லறைகளில் இருக்கிறது. டென்சில் கொடுத்தான், தாண்டினான், வாங்கிக்கொண்டான். நான் பாட்டிலைக் கொடுத்தேன், தாண்டினேன், வாங்கிக்கொண்டேன்.

அதற்கு மேல் வெட்டிய மரங்களை இழுத்து வந்த பழைய பாதை. ஆரோக்கியமானவனுக்கு நாற்பது நிமிடம். டென்சில் முப்பது அடி நடப்பான், நிற்பான். மரத்தில் சாய மாட்டான். துப்பாக்கிக் கட்டையைப் பூட்ஸ்மேல் ஊன்றிக்கொண்டு நிற்பான். நான் நான்கு அடி பின்னால் நிற்பேன். எங்கள் இருவருக்கும் நடுவில் அந்தக் குழாய் தொங்கும். நான் வேகமாகப் போனாலும் அவன் வேகமாகப் போனாலும் அது இழுபடும். வண்டியில் பூட்டிய இரண்டு குதிரைபோலப் போனோம் என்று பிறகு அவன் ஒலீட்டாவிடம் சொன்னான். ஒரு குதிரை கிழடு, ஒரு குதிரை நொண்டி என்றானாம். எது யார் என்று சொல்லவில்லை.

சுற்றிலும் மலைகளில் வெடி கேட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றுக்கும் அவன் நின்று தலை சாய்த்துச் சொல்வான்.

"அது நம்ம ஊரு டேல்கூடப் போன பையன். ரெண்டு தடவை சுட்டான். முதல்ல தவறிட்டான்."

"நடடா."

"நடக்கறேன்ல."

பதினொன்றே காலுக்கு மேட்டுத்தளம் சேர்ந்தோம். ஓக் மரங்களுக்குக் கீழே ஒரு வீடு கட்டும் அளவுக்குச் சமமான இடம். இலைகளை மான்கள் கிளறிப் போட்டிருந்தன. அவன் வெளுத்த பட்டையுள்ள ஒரு பீச் மரத்தடியில் உட்கார்ந்தான். முகம் மெழுகு நிறமாக இருந்தது. நான் பாட்டிலின் திருகைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன். அரை மணி நேரம் அங்கேயே காத்திருந்தோம். துப்பாக்கி அவன் மடியில் இருந்தது. கை அதன்மேல் இருந்தது.

பன்னிரண்டுக்குச் சற்று முன்னால் கீழிருந்து ஒரு கிடா மான் வந்தது. ஒரு பக்கத்துக்கு நான்கு கிளைக் கொம்பு. பின்பக்கமாக, நாங்கள் பார்க்காத பக்கமாக வந்து எழுபது கெஜத்தில் நின்று ஓக் காய் தின்றது. உட்கார்ந்த இடத்திலிருந்து நடுவில் பாறை. டென்சில் குழாயை மூக்கிலிருந்து கழற்றி என் பக்கம் போட்டான். மெல்ல எழுந்தான். சாய்ந்துகொள்ள அந்தப் பக்கம் மரம் இல்லை. நின்றபடியே துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றினான்.

நான் அவனுக்குப் பின்னால் இரண்டு கை தூரத்தில் இருந்தேன். குழல்வாய் எனக்குத் தெரிந்தது. வெளுத்த மரப்பட்டைக்கு நேராக அது ஒரு வட்டம் போட்டது. சாப்பாட்டுத் தட்டு அளவு வட்டம். அவன் மூச்சை நிறுத்தினான், வட்டம் சிறியதாயிற்று. நிறுத்தி வைக்க முடியவில்லை, மறுபடி பெரியதாயிற்று. மூன்று முறை அப்படிச் செய்தான். மான் நிமிர்ந்தது, எங்கள் பக்கம் திரும்பியது, மறுபடி குனிந்தது. நான் முன்னால் போய்க் குனிந்து அவனுக்குத் தோளைக் கொடுத்திருக்கலாம். நான் அசைந்தால் மான் ஓடியிருக்கும். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

டென்சில் துப்பாக்கியை இறக்கினான். பாதுகாப்புக் கொண்டியைப் பின்னுக்குத் தள்ளினான். அதன் பிறகுதான் இருமினான். மான் போய்விட்டது.

அவனை உட்கார வைத்துக் குழாயை மாட்டினேன். பேச்சு வர நேரமாயிற்று.

"தட்டு மாதிரி சுத்துதுண்ணே."

"பாத்தேன்."

"சுட்டிருந்தா பட்டிருக்கும். எங்க பட்டிருக்கும்னு எனக்கே தெரியாது. வயித்துல பட்டு அது எங்கயாவது போயிப் படுத்துக்கிட்டு..."

"சுடாதது சரி."

"பழைய குழல்னா நின்னிருக்கும். அதோட கனமே அதைப் பிடிச்சுக்கும். எம் மூச்சுக்கெல்லாம் அது ஆடாது. குழல் நுனிப் பக்கம் ஒரு பவுண்டு விட்டு வெச்சிருக்கணும். அதைப் பின்கட்டையில எடுத்திருக்கலாம். யாருமே யோசிக்கலை பாருங்க. டார்சல் யோசிக்கலை. நான் யோசிக்கலை."

"பழைய குழல்னா நீ இங்க வந்திருக்க மாட்டே."

அவன் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டான்.

"வந்திருக்க மாட்டேன்" என்றான். பிறகு, "பிஸ்கட்டு எங்க?" என்றான்.

சாப்பிட்டோம். சாசேஜ் கொழுப்பு உறைந்து வெள்ளையாக இருந்தது. அவன் இரண்டு தின்றான். வீட்டில் ஒன்றுகூட முடிக்காதவன். கீழே எங்கள் வீடுகள் தெரிந்தன. ஒலீட்டாவின் அடுப்புப் புகை தெரிந்தது. ஜன்னல் தெரிகிறதா என்று பார்த்தான். அவ்வளவு தூரத்திலிருந்து தெரியாது.

இறங்குவது ஏறுவதைவிட மோசமாக இருந்தது. பாதி வழியில் ஒரு விழுந்த மரத்தில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. உதடு நீலம். இதையும் எழுதிவிடுகிறேன். எழுபத்தோரு வயது வரை நான் கட்டிக்காத்த வழக்கத்தை அங்கே நானே மீறினேன். கையை நீட்டினேன்.

"கொடு."

"எதை?"

"தெரியாத மாதிரி கேக்காதே. எட்டு பவுண்டுதான். கீழ போனதும் தரேன். யாரும் பாக்கப் போறதில்லை."

"அந்தப் பாட்டில் எவ்வளவு கனம் இருக்கும்ணே?"

"ஆறு இருக்கும்."

"அதைத் தூக்குங்க. அது உங்களுது."

துப்பாக்கியை ஊன்றி எழுந்தான். வாரைத் தோளில் மாட்டிக்கொண்டான். மூன்றரைக்கு வேலிக்கு வந்தோம். அங்கே குண்டை எடுத்து, துப்பாக்கியை என்னிடம் கொடுத்தான். கம்பியைத் தாண்ட அவனுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. நான் ஒரு கையில் துப்பாக்கியும் ஒரு தோளில் பாட்டிலுமாக நின்றேன். சாலையில் ஒரு வண்டி மெல்லப் போயிற்று. விளக்கைச் சிமிட்டியது. தாண்டியதும் அவன் கையை நீட்டினான். கொடுத்தேன். மேய்ச்சல் நிலத்தைக் கடந்து, வாசலில் நின்ற ஒலீட்டாவுக்கு முன்னால் அவன் தோளிலேயே அது போய்ச் சேர்ந்தது. அவள் அவனைப் பார்க்கவில்லை. துப்பாக்கியைத்தான் முதலில் பார்த்தாள்.

"நாலுக்கு இன்னும் பத்து நிமிஷம்தான்" என்றாள். "போனை எடுத்துக் கையில வெச்சிருந்தேன்."

டென்சில் பிப்ரவரி பத்தொன்பதாம் தேதி கிளார்க்ஸ்பர்க்கில் இறந்தான். அடக்கத்துக்கு நாற்பது வண்டிகள் வந்தன. சாப்பாடு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில். பன்றித் தொடை, பீன்ஸ், உருளைக்கிழங்கு, ஒலீட்டாவின் அக்கா செய்த ஆப்பிள் அடுக்குக் கேக். வேட் கெய்னர் தட்டோடு எங்கள் மேசைக்கு வந்தான். நல்லது சொல்ல வேண்டும் என்று வந்தான், அது எனக்குத் தெரிந்தது.

"இந்த மாதிரி அண்ணன் யாருக்கு வாய்ப்பான் சொல்லுங்க" என்று மேசைக்கே சொன்னான். "முதல் நாள் வண்டியில வர்றப்ப என் கண்ணால பாத்தேன். டென்சிலுக்கு முடியலை. பாவம், சும்மா வர்றான். துப்பாக்கியையும் பாட்டிலையும் ரெண்டையும் இவரு சுமந்துக்கிட்டு வர்றாரு. இந்த வயசுல! மலை உச்சியிலேர்ந்து!"

மேசையில் இருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். சிலர் தலையாட்டினார்கள். போதகரின் மனைவி என் கைமேல் கை வைத்தாள். எதிரில் இருந்த ஒலீட்டா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் எழுந்து நின்றேன்.

"நீ பாத்தது உங்க வேலியில. தாண்டறப்ப ஒரு நிமிஷம் வாங்கி வெச்சிருந்தேன், நீயும் உங்க அப்பாவும் ஒருத்தருக்கொருத்தர் வாங்கி வெச்சுக்கிட்ட மாதிரி. நான் சுமந்தது பாட்டில். துப்பாக்கியைச் சுமந்தது டென்சில். மேல போறப்பவும் அவன்தான், கீழ வர்றப்பவும் அவன்தான்."

வேட், "சரிண்ணே" என்றான். ஆனால் இந்தக் கோடையிலும் டார்சலின் பட்டறையில் ஒருவர் என்னிடம் வந்து, தம்பியின் துப்பாக்கியை நான் சுமந்து இறக்கியதைப் பாராட்டினார். நான் சுமக்கவில்லை.